சர்வர் போன நாள்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் யாரை நிறுத்திக் கேட்டாலும் நாகவல்லி கடையைக் கைகாட்டிவிடுவார்கள். பலகையில் இருப்பது முதலாளி குருநாதனின் பெயர். அதற்குக் கீழே இ-சேவை, ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் என்று ஒரு பெரிய பட்டியல். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? குருநாதன் மாதத்துக்கு இரண்டு தடவை வந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். மற்றபடி கடை என்றால் நாகவல்லிதான்.

வயது இருபத்தெட்டு. கீபோர்டைப் பார்க்காமல் தட்டுவாள். பிறந்த தேதி ஆதாரில் ஒன்றும் ரேஷன் கார்டில் ஒன்றுமாக இருக்கிற ஆசாமியைக்கூட அதட்டி உருட்டி ஒரே தேதியில் பிறக்க வைத்துவிடுவாள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று அவள் படிவம் நிரப்பி அனுப்பிய ஆட்களை வரிசையாக நிற்க வைத்தால் செக்காலை ரோடு போதாது. அவளிடம் ஒரு கிறுக்கும் உண்டு. கையில் சிக்கிய எந்தக் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறை போடாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டாள். "தண்ணி பட்டா என்ன செய்வீக? கரையான் அரிச்சா என்ன செய்வீக?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் மெஷினுக்குள் விட்டுவிடுவாள்.

அந்தக் கடையில் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அப்பீல் கிடையாது. "சர்வர் போயிருச்சு." கிராம நிர்வாக அலுவலரிடம் சண்டை போடலாம், தாசில்தாருக்கு மனு எழுதலாம், சர்வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சொன்னதும் ஜனங்கள் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பசி வந்தாலும் தலைவலி வந்தாலும் இதைச் சொல்லிக் கடையைக் காலி பண்ணுகிறவர்கள் உண்டு. நாகவல்லி பண்ணமாட்டாள். சர்வர் போனால்தான் போயிற்று என்பாள். ஒன்பது வருஷமாக அதில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது.

மேசை இழுப்பறையில், ஸ்டேப்லருக்கு அடியில், அவளுடைய பாஸ்போர்ட் கிடக்கிறது. பத்தொன்பது வயதில் எடுத்தது. வருகிற தை மாதத்தோடு காலாவதி. உள்ளே ஒரு முத்திரை கிடையாது. அன்றைக்கு வாங்கியபோது இருந்த மணம்கூட இன்னும் அப்படியே இருக்கிறது.

அது மொரீசியஸ் போவதற்காக எடுத்தது. கேட்டரிங் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் வருஷம், வகுப்பிலிருந்து இரண்டு பேரை அந்தத் தீவின் ஓட்டல் ஒன்றுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நாகவல்லி பெயர் முதலில் இருந்தது. மூன்று மாதம் அந்தத் தீவைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி ஒரு மலை நிற்கும். மார்க்கெட்டில் உள்ளே பருப்பு வைத்த மெல்லிசு ரொட்டியைச் சுருட்டிக் கொடுப்பார்கள். அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். கூகுள் மேப்பில் எந்தத் தெருவில் திரும்பினால் எந்தத் தெரு என்று மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

கிளம்புவதற்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அப்பா அரசப்பன் நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டின் விட்டத்தை மாற்றப்போய் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. அவர் எழுந்து உட்காரும்வரை ஒரு பத்து நாள் கூட இருக்கலாம் என்று நின்றாள். படிப்பை விட்டு இந்தக் கடையில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. அவளுடைய இடத்தில் பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெண் போனாள். அவள் போட்ட படங்களைப் பார்க்கப் பொறுக்காமல் நாகவல்லி அவளை ஃபோனில் பிளாக் பண்ணினாள்.

அப்போது அவளுடைய மடியில் உட்கார்ந்து தீவுக் கதை கேட்டது சித்தி மகள் ராஜப்ரியா. பதினோரு வயது. நோட்டுப் புத்தகத்தின் பின்அட்டையில் நாகவல்லி கட்டைவிரல் மலையை வரைந்து காட்ட, "அதுக்கு மேல ஏறுனா காரைக்குடி தெரியுமாக்கா?" என்று கேட்டவள்.

அந்த ராஜப்ரியாவுக்குத்தான் போன வருஷம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கப்பல் படிப்பு கிடைத்தது. ஒரு செமஸ்டர் முழுக்கக் கப்பலிலேயே வகுப்பு, கப்பலிலேயே தூக்கம். நூறு நாள், பதினோரு துறைமுகம், செலவெல்லாம் உதவித்தொகையில். விண்ணப்பத்தை நிரப்பியது யார் என்று கேட்கவே வேண்டாம். "கடல் வழியாகப் போய்ப் படிக்க ஏன் விரும்புகிறீர்கள்?" என்று ஐந்நூறு சொல்லில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ராஜப்ரியா இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாகவல்லி ஒரே மூச்சில் எழுதினாள். போகமுடியாத ஒரு தீவின் தெருக்களை வரைபடத்தில் நடந்து நடந்து பழகிய பெண்ணைப் பற்றி எழுதினாள். தேர்வானதைச் சொல்லி வந்த கடிதத்தில் அந்தக் கட்டுரையைத்தான் பாராட்டியிருந்தார்கள். ஆசை யாருடையது என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

பொறாமை என்று யாராவது சொன்னால் நாகவல்லிக்குக் கோபம் வரும். "எனக்கென்ன பொறாமை? நம்ம வீட்டுப் பிள்ளதான?" என்பாள். நாம் உண்மையைச் சொல்லிவிடலாம். பொறாமைதான். கலப்படமில்லாத பொறாமை. ராஜப்ரியா ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கிப் படம் அனுப்ப அனுப்ப, நாகவல்லி அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். பின்னால் தெரிகிற கடலை அவள் பார்க்கவில்லை. முகம் கறுத்துவிட்டதா, முடி கொட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் கறுத்திருந்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

சித்தி சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. மகள் அனுப்புகிற படத்தையெல்லாம் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, யார் பார்த்தார்கள் யார் பார்க்கவில்லை என்று கணக்கெடுப்பாள். கடைக்கு வந்து வரிசையில் நிற்கிறவர்களிடமும் காட்டுவாள். "எல்லாம் இவ செஞ்சு குடுத்ததுதான். எங்க வல்லி இல்லாட்டி எம்மக கப்பலையே பாத்திருக்க மாட்டா" என்று ஒவ்வொரு தடவையும் முடிப்பாள். அது புகழ்ச்சிதான். நாகவல்லிக்குக் காதில் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாள் ராஜப்ரியாவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, அடுத்து ஒன் தீவுக்குத்தான் போறோம்! ரெண்டு நாள் நிக்கும். மொத நாள் எல்லாரும் சேந்து கட்டைவிரல் மலை ஏறப்போறோம்!"

பதினோரு துறைமுகத்தில் அதுவும் ஒன்று என்று நாகவல்லிக்கு முன்னமே தெரியும். படிவம் நிரப்பியவளுக்குத் தெரியாதா? ஆனாலும் "ஒன் தீவு" என்ற சொல்லைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. என் தீவு என்றால் நீ எதற்கடி போகிறாய்? பதிலுக்குச் சிரித்த முகம் ஒன்றை அனுப்பிவிட்டு, அன்று முழுக்க வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

கப்பல் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் கடையில் கூட்டம் இல்லை. நேமத்தான்பட்டி காளியாயி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் சர்வர் இல்லாமல் திரும்பிப் போனவள். இன்றைக்குத் திரை சட்டென்று திறந்தது.

"இன்னைக்கு சர்வர் பறக்குது ஆத்தா. பத்து நிமிசத்துல முடிச்சுத் தந்துர்றேன்" என்று நாகவல்லி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அதிர்ந்தது. ராஜப்ரியா தொடர்ந்து நாலைந்து செய்தி அனுப்பியிருந்தாள்.

விஷயம் இதுதான். வழியில் கப்பல் ஆப்பிரிக்கக் கரையில் நின்று வந்ததால், தீவில் இறங்க மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டையைக் காட்ட வேண்டும். மற்ற துறைமுகங்களில் யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. இங்கே பார்த்தார்கள். அட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் முத்திரை அசலா என்று சோதிக்க முடியவில்லை, லேமினேஷன் போட்ட அட்டை செல்லாது என்றுவிட்டார்கள். உறை போடுவதற்கு முன்னால் எடுத்த ஸ்கேன் இருந்தால் கப்பல் டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். இந்திய நேரம் பதினொன்றரைக்குள் மெயில் வர வேண்டும். அதற்குமேல் இன்றைய பட்டியலை மூடிவிடுவார்கள்.

"என் ஃபோன்ல எடம் இல்லைன்னு அந்த ஃபைல அழிச்சுட்டேன்க்கா. ஒன்கிட்ட எப்படியும் இருக்கும்ல" என்று கடைசிச் செய்தி.

இருந்தது. சென்னைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுநாளே நாகவல்லி அதை ஸ்கேன் பண்ணி, "ராஜப்ரியா கப்பல்" என்று ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தாள். அதற்கப்புறம்தான் அட்டையை விரித்து, குமிழி விழாமல், நாலு பக்கமும் ஓரம் வெட்டி, அழகாக உறை போட்டுக் கொடுத்தாள். மவுஸை இரண்டு தட்டுத் தட்டினால் முடிகிற வேலை.

செல்லாது என்ற சொல்லில்தான் அவள் கண் நின்றது. ஒன்பது வருஷத்தில் அவள் கைவேலையை யாரும் செல்லாது என்று சொன்னதில்லை. அவள் தீவே அவளைச் செல்லாது என்று சொன்ன மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நிற்கட்டுமே! நான் ஒன்பது வருஷமாக நிற்கவில்லையா?

விரல்கள் தாமாகவே தட்டின. "சர்வர் போயிருச்சு ராஜி. வந்ததும் அனுப்புறேன்."

"வேல ஆயிருச்சா ஆத்தா?" என்றாள் காளியாயி.

"ஆயிருச்சு. மருமக பேரு ஏறிருச்சு, பாருங்க."

பத்தேகாலுக்கு ராஜப்ரியா கேட்டாள். பத்தே முக்காலுக்குக் கேட்டாள். பதினொன்று இருபதுக்கு ஒரு அழுகிற முகம் மட்டும் வந்தது. நாகவல்லி ஃபோனைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்துவிட்டு, எவருக்கோ சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தாள். மனசு உறுத்தவில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கத்தரிக்காய்க் கோசமல்லியை வழித்துச் சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் சாப்பாடு ருசித்தது. ஒரு மணி தாண்டி ஸ்கேனை அனுப்பினாள். நாளைக்கு எப்படியும் இறங்கிவிடுவாள், ஒரு நாள்தானே, குடிமுழுகிவிடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் சித்தி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"வெளங்குமா இந்த சர்வரு? கப்பல்ல அம்புட்டுப் பேரும் எறங்கிட்டாகளாம். எம்பிள்ள மட்டும் தனியா நிக்கிதாம். மலையேறணும்னு ஆசப்பட்டு ஷூவெல்லாம் வாங்குனா வல்லி! அந்த சர்வரு நாசமாப் போக!"

"அழுகாதீக சித்தி. மெயில் போயிருச்சு. நாளைக்கு எறக்கி விட்ருவாக."

"நீ என்னத்தா செய்வ? நீ காலையில இருந்து தவிச்சிருப்ப. சாப்டியா இல்லையா?"

நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பிட்ட கோசமல்லி இப்போதுதான் நெஞ்சைக் கரித்தது.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு ராஜப்ரியாவின் குரல் செய்தி வந்தது. ஆறு நிமிஷ நீளம். கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நாகவல்லி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று காதில் வைத்தாள். முதலில் காற்றுச் சத்தம். அப்புறம் குரல்.

"அக்கா, கோவப்படாமக் கேளு. மெயில் வந்துச்சு. இன்னைக்கு எறக்கி விட்டாக. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த அட்டைய ஊசி போட்டு வந்த மறுநாளே ஸ்கேன் பண்ணி ஒன் கம்ப்யூட்டர்ல வச்சுட்ட. நாந்தான பக்கத்துல ஒக்காந்திருந்தேன். கடையில இருக்குற ஃபைல அனுப்ப சர்வர் எதுக்குக்கா?"

இரண்டு லீவு முழுக்கத் தன் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பிள்ளைக்குக் கடை வேலையைச் சொல்லிக் கொடுத்தது நாகவல்லியேதான்.

"அம்மாட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றது குரல். "நேத்து முச்சூடும் மேல்தட்டுலயே நின்னேன். ஒவ்வொருத்தரா எறங்கிப் போறாக, நான் கைகாட்டி அனுப்பி வைக்கிறேன். எதுத்தாப்புல நீ வரைஞ்சு காட்டுன மலை. அப்படியே கட்டைவிரல்தான். கிட்டக்க தெரியுது, போக முடியல. காலையில ஒன் மேல கோவமா வந்துச்சு. மத்தியானத்துக்கு மேல அழுகையா வந்துச்சுக்கா. ஒரு நாளைக்கே எனக்கு இப்புடி இருக்கே. நீ ஒம்போது வருசமா அந்தக் கடையில இதத்தான செய்யிற."

மறுபடி காற்று. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இன்னைக்கு மூணு மணி நேரந்தான் கெடச்சுச்சு. மலைக்குப் போக முடியல. மார்க்கெட்டுக்குப் போயி, நீ சொன்ன அந்தப் பருப்பு ரொட்டி வாங்கித் தின்னேன். மிச்சம் குடுத்த நோட்டுல தமிழ் எழுத்து இருந்துச்சு. ஒனக்குன்னு புது நோட்டாப் பாத்து ஒண்ணு மாத்தி வச்சிருக்கேன். வச்சுர்றேன்க்கா, கப்பல் கெளம்புது."

நாகவல்லிக்குக் கண்ணீர் வந்தது. வெட்கமாக இருந்தது, தன்மேல் அருவருப்பாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதெல்லாம் ஐந்து நிமிஷம். அப்புறம், சொன்னால் நம்பமாட்டீர்கள், பழைய எரிச்சல் வேறு பக்கமாக வந்து நின்றது. கப்பலும் அவளுக்கு. தீவும் அவளுக்கு. இப்போது மன்னிக்கிற பெரிய மனசும் அவளுக்கேவா? நான் செய்த கேவலத்தை அவள் மூடி மறைத்து, வாழ்நாள் பூரா என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாள், நான் அவளுக்கு நன்றியோடு இருக்க வேண்டுமா? இதிலாவது அவளை முந்தவிடக்கூடாது என்று நாகவல்லிக்குத் தோன்றியது.

அவள் மெஷினுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது சித்தி கடை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் எவர்சில்வர் தூக்கு. முகமெல்லாம் சிரிப்பு.

"எறங்கிட்டாளாம்டி! படம் வந்துருச்சு. இந்தா, ஒனக்குச் சீயம் சுட்டுக் கொண்டாந்தேன். நீ மட்டும் மெயில் அனுப்பலேன்னா இன்னைக்கும் எம்மக கப்பல்லயே கெடந்திருப்பா."

தூக்கை மேசைமேல் வைத்துவிட்டு, காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, முந்தின நாள் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சர்வர் போனது, பிள்ளை அழுதது, வல்லி தவித்தது. மருமகளின் ஆதாருக்கு உறை போட வந்திருந்த காளியாயியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்தா? நேத்து சர்வரு பறந்துச்சே ஆத்தா" என்றாள் காளியாயி. "என் வேல பத்து நிமிசத்துல முடிஞ்சுச்சே."

சித்தி அசரவில்லை.

"ஒங்க சர்வரு வேற, கப்பல் சர்வரு வேற. ரேஷன் கார்டும் கப்பலும் ஒண்ணா?" என்றாள். காளியாயி அதுவும் சரிதான் என்று தலையாட்டினாள். காத்திருந்த மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பொய்க்குச் சித்தியே ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டாள். நாகவல்லி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்த ஜென்மத்துக்கும் வெளியே வராது.

"சித்தி, சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு."

"என்னது?"

"நேத்து சர்வர் போகல. ஃபைல் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. நாந்தான் வேணும்னே அனுப்பல."

சித்தி முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். நாகவல்லியின் முகத்தைப் பார்த்து, அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போயிற்று. காளியாயி எழுந்து நின்றாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை உன்னிப்பாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ஏண்டி?" என்றாள் சித்தி. குரல் எழும்பவில்லை. "ஒன் கையால நீயே எல்லாம் செஞ்சுட்டு, ஏண்டி வல்லி?"

காரணம் சொல்ல நாகவல்லியிடம் ஆயிரம் இருந்தது. அப்பா விழுந்த கதை இருந்தது, கட்டுரை இருந்தது, லேமினேஷன் செல்லாது என்றது இருந்தது. எதையும் எடுக்கவில்லை.

"பொறாமையா இருந்துச்சு சித்தி. தாங்க முடியல."

சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசைமேல் வைத்த தூக்கை மறுபடி எடுத்துக்கொண்டாள். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அங்குட்டு இங்குட்டுத் திரும்பாமல் செக்காலைப் பக்கம் நடந்து போனாள். இனி ஒரு வருஷத்துக்குச் சித்தி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று நாகவல்லிக்குத் தெரியும். தன் அம்மாவுக்குச் சித்தியிடமிருந்து எப்போது ஃபோன் போகும், வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

காளியாயியிடமிருந்து மருமகளின் ஆதாரை வாங்கி உறைக்குள் செருகினாள். மெஷினில் விடப்போனவள் நின்று, "இது வேணுமா ஆத்தா? சில எடத்துல ஏத்துக்க மாட்டாக" என்று கேட்டாள். "நீ போடு ஆத்தா" என்றாள் காளியாயி. அது வெளியே வந்து சூடு ஆறுகிற வரையில் நாகவல்லி ஃபோனை எடுத்து ராஜப்ரியாவுக்கு எழுதினாள்.

"உங்கம்மாட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ எனக்காக மறைக்க வேணாம்."

அனுப்பினாள். பிறகு இன்னொன்று தட்டினாள்.

"அந்த நோட்ட மடிக்காமக் கொண்டு வா."